நாலாம் நம்பர் மஞ்சள்

அண்ணே, ஒரு சின்ன ஒத்தாசை. அந்த மாங்காப் பைய என் பக்கத்துல வைக்காதீங்க. அங்கிட்டு, சன்னல் ஓரமா வச்சுக்கோங்க. இடத்துக்குச் சொல்லல, இடம் கெடக்கு. காயாத்தானே கொண்டு போறீங்க? ஊறுகாய்க்கா? அப்பக் கண்டிப்பா அங்கிட்டுத்தான் வைக்கணும். மதுரையில எறங்கிப் பையைத் தொறந்து பாத்துட்டு, எல்லாம் பழுத்துப்போச்சேன்னு என்னைய ஏசப்படாது. முன்னாடியே சொல்லிப்புட்டேன்.

சிரிக்கிறீங்க. சிரிங்க. நானும் சிரிப்புக் காட்டுற ஆளுதான். சின்னமனூர்ல வந்து வாழக்கா மண்டி சுருளின்னு கேட்டுப் பாருங்க. நான் போற எழவு வீட்டுல பொணத்தைத் தவிர அம்புட்டுப் பேரும் சிரிப்பான். ஆனா இன்னைக்கு வாய் மட்டுந்தான் சிரிக்குது.

என் கண்ணைப் பாருங்க. சும்மா பாருங்க, கடிக்க மாட்டேன். மஞ்சளா இருக்கா? எம்புட்டு மஞ்ச? உங்களுக்குச் சொல்லத் தெரியாது. எனக்குத் தெரியும். இது நாலாம் நம்பரு.

எங்க சேம்பர் செவுத்துல ஒரு அட்டை தொங்குது. வாழக்கா படம், ஏழு கலர்ல. ஒண்ணாம் நம்பருன்னா கரும்பச்சை. ரெண்டு, மூணுன்னு லேசா வெளுத்துக்கிட்டே வரும். நாலுல பச்சையை விட மஞ்ச கூடிரும். ஆறுன்னா முழு மஞ்ச. ஏழு என்னன்னு கேளுங்க. மஞ்ச மேல கரும்புள்ளி. ஏழு வந்துட்டா எந்த யாவாரியும் கையால தொட மாட்டான், ரோட்டோரம் மாட்டுக்குத்தான். நேத்து நான் கண்ணாடியை எடுத்துட்டுப் போயி அந்த அட்டைக்குப் பக்கத்துல நின்னு, கண்ணை விரிச்சு வச்சுப் பாத்தேன். நாலு. ஒரு வாட்டி அஞ்சு மாதிரிகூடத் தெரிஞ்சது. அதுக்கப்புறம் பாக்கல. பயம்.

சேம்பருன்னா தெரியாதா? பழுக்க வைக்கிற ரூமுண்ணே. முன்னெல்லாம் மண்டியில புகைமூட்டம் போட்டாக, அப்புறம் ஏதோ கல்லு வச்சாக, அது கூடாதுன்னாக. இப்ப இரும்புப் பெட்டி மாதிரி ஒரு ரூமு. உள்ள குளுகுளுன்னு இருக்கும். வாழக்காச் சீப்பை கிரேட்டுல அடுக்கி, கதவைச் சாத்தி, எதிலீன்னு ஒரு காத்தைத் தொறந்து விடுவாக. அம்புட்டுத்தான். பச்சையா உள்ள போறது பொண்ணு பாக்க வந்த மாப்ள மாதிரி மினுமினுன்னு வெளிய வரும். நான் லோடுமேனு. அடுக்குறதும் எடுக்குறதும் நம்ம சோலி.

நடந்தது சித்திரையில. என்ன வெயிலு. மத்தியானம் சோறு தின்னுட்டு, கிரேட்டை அடுக்கி முடிச்சேன். உள்ள அம்புட்டுச் சொகமா இருக்கு. சரி, ஆப்பரேட்டரு ஈஸ்வரன் வர்ற வரைக்கும் செத்த சாய்வோம்னு, கடைசி வரிசைக்குப் பின்னாடி சாக்கை விரிச்சுப் படுத்தேன். அவன் வந்தான். யாரும் உள்ள இருக்காகளான்னு ஒரு கொரல் குடுத்தானாம். நான் ஒறங்குனா எனக்கே எங்கொரல் கேக்காது. கதவைச் சாத்துனான். காத்தைத் தொறந்து விட்டான். பொண்டாட்டி ஊருக்குக் கொழுந்தியா சடங்குக்குக் கெளம்பிப் போயிட்டான்.

முழிச்சேன். இருட்டு. கண்ணு தொறந்திருக்கா மூடியிருக்கான்னு வெரலை விட்டுத்தான் பாத்தேன். உஸ்ஸுன்னு ஒரு சத்தம். லேசா இனிப்பா ஒரு வாசம். அய்யய்யோ, காத்து வருதேன்னு ஓடிப் போயிக் கதவைத் தட்டுறேன். அது இம்புட்டு மொத்தக் கதவு, பஞ்சு வச்சு அடைச்சது. உள்ள இடி விழுந்தாலும் வெளிய தெரியாது. கத்துனேன். கெட்ட வார்த்தையில எனக்குத் தெரிஞ்சதெல்லாம் தீந்துபோச்சு, கெட்ட வார்த்தை தீந்து நான் பாத்ததே இல்ல. அப்புறம் சாமி பேரெல்லாம் சொன்னேன். அதுவும் தீந்துபோச்சு.

அப்புறந்தான் அந்தப் பய சொன்னது நெனப்புக்கு வந்துச்சு. காயும் மூச்சு விடுமாம்.

எந்தப் பயலா? வெவசாயக் காலேஜுல படிக்கிற பய, பிரணவ்னு பேரு, எங்க சேம்பருக்குப் பயிற்சிக்கு வந்திருந்தான். நல்ல பய. சந்தேகம்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா போதும், வெளக்குறேன்னு ஒரு பொழுதை எடுத்துக்குவான். ‘அண்ணே, மனுசனுக்கு இருக்கிற மாதிரி செடிக்கும் ஹார்மோன் இருக்கு’ன்னான். ‘செடிக்கு எதுக்குடா, அது மீசையா வளக்கப் போவுது’ன்னேன். அன்னைக்கு ஆரம்பிச்சான்.

ஆறேழு இருக்காம்ணே. கொழுந்துல ஒண்ணு உக்காந்துக்கிட்டு, வெளிச்சம் இந்தப் பக்கம் இருக்கு, வளைடாங்குமாம். இன்னொண்ணை நெல்லுக்கு வந்த ஒரு நோவுலருந்து கண்டுபுடிச்சாகளாம், பயிரு கண்டமேனிக்கு ஒசந்து ஒசந்து சாஞ்சிருமாம். அதுலதான் நம்ம கம்பம் பக்கம் பொம்பளைக திராட்சைக் கொத்தை ஒவ்வொண்ணா முக்கி எடுக்கிறாக. ஒண்ணு எளநீக்குள்ள இருக்காம், எலையைப் பழுக்க விடாதாம். ஒண்ணு தண்ணி இல்லாத காலத்துல எலையோட வாயை மூடச் சொல்லுமாம். ஒண்ணு கொழுப்பு மாதிரி. ஒண்ணு மல்லியப்பூ வாசத்துக்குப் பங்காளி. கடைசியா ஒண்ணு வெறும் காத்து. ஒண்ணுக்கொண்ணு சாடையே கெடையாதுன்னான். புளிப்புங்கிறான், எண்ணெய்ங்கிறான், காத்துங்கிறான். ‘ஒரு வயித்துப் புள்ளைக மாதிரியே இல்லையேடா, ரேசன் கார்டுல மட்டும் பேரைச் சேத்து வச்சிருக்காகளா?’ன்னு கேட்டேன். விழுந்து விழுந்து சிரிச்சான்.

சேம்பருக்குள்ள இருட்டுல நான் சிரிக்கல. சுத்தி அம்புட்டுக் காயி. அதுவும் மூச்சு விடுது, நானும் விடுறேன். அது இழுக்கிற காத்தைத்தான் நானும் இழுக்கிறேன். அதுக்கு ஒரு உத்தரவு வருது, பழு, பழுன்னு. அந்த உத்தரவு எனக்கு இல்லைன்னு அந்தக் காத்துக்கு எப்படிண்ணே தெரியும்? அதுக்கென்ன கண்ணா இருக்கு?

பொழுது சாய அடுத்த லோடு வந்து கதவைத் தொறந்தாக. தலை கிர்ருன்னு சுத்துது, வெளிய வந்து வாந்தி எடுத்தேன். சடங்கு வீட்டுலருந்து திரும்பியிருந்த ஈஸ்வரன் ஓடியாந்து என் கன்னத்தை அமுக்கிப் பாத்துட்டு, ‘இன்னும் ரெண்டு நாளு ஆவும், காயா இருக்க’ன்னான். எல்லாரும் சிரிச்சாக. நானுந்தான். அந்தச் சிரிப்புத்தான் இப்ப ஒடம்பு பூரா மஞ்சளாக் கெடக்கு.

கொஞ்ச நாளு ஒண்ணுமில்ல. அப்புறம் ஒரு நாளு சோத்தைப் பாத்தா கொமட்டுது. பக்கத்து வீட்டுல வடை சுட்டா எனக்கு வாந்தி வருது. கிரேட்டைத் தூக்குனா கை தொளதொளங்குது. பழுத்தா தொளதொளன்னுதானே ஆவும்? ஒண்ணுக்குப் போனா டீத்தண்ணி மாதிரி போவுது. அப்புறம் கண்ணு. அட்டையில ரெண்டு. மறுக்கா பாத்தா மூணு.

தெரியும்ணே, தெரியும். நீங்க வாயைத் தொறக்கும்போதே தெரியும். காமாலைன்னு சொல்லப் போறீங்க. ஈஸ்வரனும் அதான் சொன்னான். எதுத்த வீட்டுப் பொம்பள கீழாநெல்லிய அரைச்சு எடுத்துக்கிட்டு வந்துருச்சு. நான் அந்த அளவுக்கா மடையன்? சொலவடை என்ன சொல்லுது? காமாலைக்காரன் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்ச. எனக்கு அப்படியா தெரியுது? உங்க சட்டை ஊதா. முன் சீட்டுப் பொம்பள சேலை செவப்பு. வெளிய வயக்காடு பச்சை. எல்லாம் அது அது கலருலதான் தெரியுது. அப்ப அது காமாலை இல்லல்ல? ஈஸ்வரன்கிட்ட இதைச் சொன்னேன். தலையில அடிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போயிட்டான்.

இதைவிடப் பெரிய அத்தாட்சி ஒண்ணு இருக்கு. எங்க தெருவுல ஆட்டோ ஓட்டுற ராசாங்கம். அவன் சேம்பர் பக்கமே வந்ததில்ல. அவன் கண்ணும் மஞ்ச. எப்படி? தெனமும் எங்கூட ஒக்காந்து டீ குடிப்பான். அடுத்து டெய்லர் கடைக்காரரு. எனக்குப் பேண்டு அளவெடுத்தாரு, போயிட்டாரு படுக்கைக்கு. ஒரு பழம் பழுத்துட்டா அது விடுற காத்து பக்கத்துக் காயையும் பழுக்க வச்சிரும்ணே. இதுக்குக் காலேஜு வேண்டாம், மண்டியில பொறந்த எலிக்குக்கூடத் தெரியும். எங்க தெருவே என்னால பழுக்குது. ஏற்கனவே கொழாய்க்குப் பள்ளந் தோண்டிப் போட்டுட்டு, சாக்கடையும் கொழாயும் ஒண்ணாக் கெடந்து, தண்ணி கலங்கலா வருதுன்னு சனம் கெடந்து கத்திக்கிட்டு இருக்கு. அதுல நான் வேற.

என்னண்ணே? தண்ணியா? என்ன தண்ணி? நான் தண்ணியைப் பத்தியா பேசிக்கிட்டு இருக்கேன்? கேளுங்க முழுசா.

எம் பொண்டாட்டி மாரீஸ்வரி ஏலக்காக் காட்டுல கெடக்கா, கேரளாவுல. அங்கனயே தங்கி எடுக்கிறா, மாசத்துக்கு ஒருவாட்டி வருவா. வீட்டுல நானும் பாப்பாவும். மோனிஷா, ஆறாப்பு. முன்னாடி டிரைவருக்குப் பின் சீட்டுல ரெட்டைச் சடை ஆடுது பாருங்க, அதுதான். கையைக் கிய்யைக் காட்டிறாதீங்க. எந்திரிச்சு இங்கிட்டு வந்துரும்.

எனக்கு மூணாம் நம்பர் வந்தப்பவே நான் வீட்டை விட்டுட்டு மண்டியில போயிப் படுத்துக்கிட்டேன். கூட இருந்தா பாப்பாவும் பழுத்துருமேன்னு. பழுத்தா அதோட போச்சா? அடுத்தது என்ன? உதுர்றதுதானே? பதினோரு வயசுண்ணே. இன்னும் பிஞ்சு.

அதுகிட்ட வெவரம் சொன்னேன். எந் தோலை உரிச்சுப்புடுச்சு. ‘யப்பா, நீ பழுத்தா கிலோ என்ன வெலைக்குப் போவ?’ங்குது. ‘நாட்டுப் பழமா, பச்சப் பழமா? தோலு கருத்துக் கெடக்கே, எவன் வாங்குவான்?’ங்குது. எம் மகளாச்சே, வாயி எங்க போகும். ஆனா தெனமும் பள்ளியோடம் விட்டு, எதுத்த வீட்டுல பொங்கி வாங்கி, தூக்குவாளியில கொண்டாந்துரும். படியில வச்சிட்டுத் தள்ளி நில்லும்பேன். தள்ளித்தான் நிக்கும். தள்ளி நின்னுக்கிட்டே கணக்குப் பாடத்துல சந்தேகம் கேக்கும். எங்கிட்ட. நான் மூணாப்புல நின்னவன். தெரியலைன்னு தெரிஞ்சுக்கிட்டே கேக்கும். சும்மா, பேசிக்கிட்டு இருக்கணும்னு.

ஒரு தடவையும் தொடல. தலையில பேன் இருக்கான்னு நான்தான் பாப்பேன், அதையும் விட்டுட்டேன். எளநீல இருக்கிறது பழுக்க விடாதுன்னு பிரணவ் சொன்னாம்ல, நான் தெனமும் அதான் குடிக்கிறேன். ஒருநா நான் பாதி குடிச்சு வச்சிருந்ததைப் பாப்பா எடுத்துக் குடிச்சிருச்சு. ‘அடியே, எச்சி’ன்னேன். ‘நல்லாத்தான் இருக்கு, ஒம் புளிச்ச வாயி பட்டும்’னுச்சு.

போன செவ்வாக்கெழமை தூக்குவாளிய வச்சிட்டுப் படியிலயே ஒக்காந்துருச்சு. ‘எந்திரிச்சுப் போ பாப்பா’ன்னேன். ‘கால் வலிக்குதுப்பா’ன்னுச்சு. அது கால் வலிக்குதுன்னு சொல்ற புள்ளையே கெடையாது. சோத்தைத் தொறந்தேன், அது மூஞ்சியத் திருப்பிக்கிட்டு ஓங்கரிச்சுச்சு. வெளக்கு வெளிச்சத்துல கண்ணைப் பாத்தேன்.

ரெண்டுண்ணே. ரெண்டாம் நம்பரு.

அந்த இருட்டுக்குள்ள நான் கத்துனேன் பாருங்க, அதெல்லாம் ஒரு பயமே இல்ல. அது சும்மா வெளாட்டு.

நாங்க இப்ப எங்க போறோம்னு கேக்குறீங்கள்ல. மதுரைக்கு. அங்கன ஆப்பிள் அடைச்சு வைக்கிற குளுரு குடோன்ல எங் கூட்டாளி கொம்பையா லோடுமேனா இருக்கான். ஆப்பிளைப் பழுக்க விடாம மாசக்கணக்குல வச்சிருக்காகல்ல, எப்படி? அதுக்கு ஒரு பொடி இருக்காம். தண்ணியில போட்டா அதுலருந்து ஒரு காத்து வரும். நம்ம எதிலீன் போயி ஒக்கார்ற எடத்துல இது முந்திப் போயி ஒக்காந்துக்கிரும். பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கிற மாதிரி. அப்புறம் எதிலீன் வந்து நின்னு பாத்துட்டுப் போக வேண்டியதுதான். பிரணவ் சொன்னது, பொய் சொல்ல மாட்டான். பொழுது சாய லோடை ஏத்திக் கதவடைப்பாக. அதுக்கு முன்னாடி நானும் பாப்பாவும் உள்ள போயி ஆப்பிளுக்குப் பின்னாடி ஒக்காந்துக்கிருவோம். ஒரு ராத்திரி. காலையில கொம்பையா தொறந்து விட்டுருவான். குளுரு பயங்கரமா இருக்குமாம், ஐஸ் கணக்கா. அதுக்குத்தான் இந்தப் பையில ரெண்டு கம்பளி, ரெண்டு குல்லா. பாப்பாவுக்கு ரோஸு.

அண்ணே, ஏன் கையைப் புடிக்கிறீங்க? விடுங்க. விடுங்கங்கிறேன், உங்களுக்கும் வந்துரும்.

செத்துருவமா? மூடுன ரூம்ல, குளுர்லயா? நான் ஏற்கனவே ஒண்ணுல இருந்து பொழைச்சவன்தானே. அது குளுகுளு, இது ஐஸு. வித்தியாசம் எனக்குத் தெரியாதுங்கிறீங்களா. பாப்பாவை நடுவுல உக்கார வச்சு ரெண்டு கம்பளியும் அதுக்கே...

ஆஸ்பத்திரிக்கு ஏன் போகலையா.

சொல்லவா? சிரிக்கக் கூடாது. மண்டியில நான் இத்தனை வருசமா இருக்கேன். காயைப் பழமாக்குறதை எம்புட்டோ பாத்துட்டேன். பழத்தைக் காயாக்குன ஆளை ஒருத்தனையும் பாத்ததில்ல. டாக்டரு கண்ணைப் பிதுக்கிப் பாத்துட்டு, ‘பழுத்துருச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாது’ன்னு சொல்லிட்டாருன்னா? என்னையச் சொன்னா தாங்கிக்கிருவேன். பாப்பாவைச் சொன்னா? எதுக்க நின்னு அதை எப்படிண்ணே கேக்குறது? அதான் போகல. வேற ஒண்ணும் இல்ல.

என்ன சொன்னீங்க? தண்ணியில வர்றதா? தெருவுக்கே வருமா? ராசாங்கமும் அந்தக் கொழாயிலதான் புடிக்கிறான், ஆமா. டெய்லரும் ஆமா. பாப்பாவும்... உங்க அண்ணன் மகனுக்கும் வந்துச்சா? கண்ணு மஞ்சளா? எந்த நம்பரு? சரி சரி, உங்களுக்கு நம்பரு தெரியாது. அப்புறம் வெளுத்துருச்சா? நெசமா? மஞ்ச மாறி வெள்ளையாவே ஆயிருச்சா? சத்தியமா?

பழம் காயாச்சுன்னு சொல்றீங்க.

இருங்க, பஸ்ஸு ஏன் நிக்குது? இன்னும் ஆண்டிபட்டியே வரல. இது கானாவெலக்குல்ல, ஆஸ்பத்திரி ஸ்டாப்பு. கண்டக்டரு யாரையோ கூப்புடுறாரு, ‘ரெட்டைச் சடை, ஒன் ஸ்டாப்பு வந்துருச்சும்மா, ஒங்கப்பன் எங்க?’ன்னு. ஏங்க, அது மதுரைங்க, எங்களுக்கு மதுரை. டிக்கெட்டு? டிக்கெட்டு பாப்பாதான் எடுத்துச்சு, நான் காசு குடுத்தா நீங்க தொடணுமேன்னு நான்தான் அதுகிட்ட... அடிப் பாவி மகளே. ரெண்டு டிக்கெட்டும் இங்கனக்கா எடுத்திருக்க?

அங்க பாருங்கண்ணே, கீழ. வேப்பமரத்தடியில, தலையில துண்டைக் கட்டிக்கிட்டு, காட்டுல போடுற ரப்பர் பூட்ஸோட நிக்கிறாளே, அவதான் எம் பொண்டாட்டி. போடி வழியா எறங்கி வந்திருக்கா. பூட்ஸைக்கூடக் கழட்டல. போன் போட்டிருக்கு இந்தக் கழுதை. எனக்குத் தெரியாம.

வருது. இங்கிட்டுத்தான் வருது. பாப்பா, அங்கனயே நில்லு. நான் எந்திரிக்கிறேன், நீ தள்ளி நில்லு. கையை நீட்டாத. சொன்னாக் கேளு, கையை நீட்டாத தாயி.

என்னண்ணே, நீங்க என்ன பையைத் தொறந்து காட்டுறீங்க? இது சன்னல் ஓரமாத்தானே இருந்துச்சு? எம் முதுகுக்குப் பின்னாடியா? தேனியில கூட்டம் ஏறுனப்பவே நகத்திட்டீங்களா? இம்புட்டு நேரமும் எம் மேல சாஞ்சா கெடந்துச்சு?

பச்சையாத்தான் இருக்கு. கல்லு மாதிரி இருக்கு.

தெரியும்ணே. தேனியிலருந்து இங்க வர்றதுக்குள்ள எந்த மாங்காயும் பழுக்காது. எனக்குத் தெரியாததா, எந் தொழிலு. ரெண்டு மூணு நாளாவும். இருந்தாலும்... கல்லு மாதிரித்தான் இருக்கு.

இதுல ஒண்ணு நான் எடுத்துக்கவா? பெருசு வேண்டாம், இது போதும். ஆஸ்பத்திரியில தலைமாட்டுல வச்சுக்கிறேன். பழுக்குதான்னு பாக்கணும்ல.

வர்றேன்ணே. இந்தா பாப்பா, புடி. கையில்ல, மொதல்ல மாங்காயப் புடி.

சரி. கையையும் புடி.